ஸ்பைஸ்டு ரம் மட்டமான சரக்கா?

திருச்சி தில்லை நகரில் நாலு பேர் கூடி ரம் பற்றிப் பேசினால், “பட்டை, கிராம்பு, வனிலா போட்டதெல்லாம் ரம்மே இல்லை, மட்டமான சரக்கை மறைக்கத்தான் வாசனை” என்று ஒருவராவது சொல்லிவிடுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நான் தலையாட்ட மாட்டேன். அந்தப் பேச்சில் உள்ள வாதங்கள் ஒவ்வொன்றும் தவறு.

முதலில், வாசனை சேர்த்தாலே ஏதோ மறைக்கிறார்கள் என்ற வாதம். ஜூனிப்பர் காயின் மணம் இல்லாமல் ஜின் என்ற மதுவே கிடையாது. அதை யாரும் மறைப்பு என்று சொல்வதில்லை. சரி, வாசனை சேராத அசல் ரம் என்று இவர்கள் தூக்கிப் பிடிப்பது எது? பேட்டைவாய்த்தலை, லால்குடிப் பக்கத்துக் காட்டூர் என்று திருச்சியைச் சுற்றியே சர்க்கரை ஆலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சர்க்கரை எடுத்தது போக மிஞ்சும் மொலாசஸ்தான் ரம்முக்கு மூலப்பொருள். இந்தியாவில் பெருவாரியான ரம், அந்த மொலாசஸைப் புளிக்கவைத்து, மணமே இல்லாத அளவுக்குச் சுத்தமாக வடித்தெடுத்த இ.என்.ஏ. என்ற சாராயத்தை வைத்துத் தயாராகிறது. கறுப்பு நிறத்தில் பெரும்பங்கு கருக்கிய சர்க்கரையுடையது. லேபிளின் சின்ன எழுத்தைப் படித்தால் நிறம் சேர்த்த விவரம் அதிலேயே இருக்கும்.

ஓக் பீப்பாயில் ஊறினாலும் கதை அதுதான். வனிலா மணத்துக்குக் காரணமான வனிலின், ஓக் மரத்திலிருந்தே சாராயத்தில் இறங்குகிறது. 1954 முதல் விற்பனையில் இருக்கும் ஓல்டு மாங்க்கை உயிராக நேசிப்பவர்கள் அதில் முதலில் புகழ்வது அந்த வனிலா வாடையைத்தான். மரம் கொடுத்தால் பெருமை, பட்டையும் ஜாதிக்காயும் கொடுத்தால் மோசடி என்பது என்ன நியாயம்?

மோசமான ஸ்பைஸ்டு ரம் இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே இருக்கிறது. எசன்ஸும் சர்க்கரையுமாக உதட்டில் பிசுக்குப் பிசுக்கென்று ஒட்டும். ஆனால் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, சாராயம் ஆவியாகும்வரை பொறுத்து, பிறகு முகர்ந்து பாருங்கள். நல்லதில் வெல்லப்பாகு, கரும்பு, மரம், அதற்குப் பின்னால் பட்டையும் கிராம்பும் என்று அடுக்கடுக்காக வரும். கெட்டதில் ஐஸ்கிரீம் எசன்ஸ் ஒன்றுதான் மிஞ்சும். அடுத்து, கோலா ஊற்றாமல் வெறும் தண்ணீர் கொஞ்சம் விட்டுச் சுவையுங்கள். அடிச்சரக்கு நல்லதா இல்லையா என்பது தண்ணீரில் தெரிந்துவிடும். சதவீதத்தையும் பாருங்கள். நம் நாட்டில் வழக்கமான அளவு 42.8. ஐரோப்பியச் சட்டப்படி 37.5-க்குக் குறைந்தால் ரம் என்று எழுதவே கூடாது. கேப்டன் மார்கனின் 35 சதவீத ஸ்பைஸ்டு கோல்டு அங்கே ‘ஸ்பிரிட் டிரிங்க்’ என்ற பெயரில்தான் விற்கிறது.

இதைவிட மோசமான ஒரு பேச்சும் உண்டு: வாசனை சேர்ப்பதும் கலப்படமும் ஒன்றுதானாம். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனால். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது அந்தச் சாவுகளின் காரணத்தையே மழுப்புகிறது.

“இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம், நமக்கெதற்கு?” என்பவர்கள் ரீயூனியன் தீவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1848-இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்களை இன்றும் அங்கே ‘மலபார்’ என்கிறார்கள். அதே தீவில்தான் 1841-இல் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், வனிலாப் பூவைக் கையால் எளிதாக மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியைக் கண்டுபிடித்தான். உலகமெங்கும் வனிலாத் தோட்டங்கள் பெருகியது அந்த வழியால். அங்கே வீடுகளில் வெள்ளை ரம்மில் வனிலா, இஞ்சி, பட்டை, பழங்கள் போட்டு மாதக்கணக்கில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. ‘ரம் அராஞ்சே’ என்று பெயர். அந்த ரம்முக்குக் கரும்பு வெட்டிய கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன. அதை நமக்கு அந்நியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரசத்தில் மிளகு ஒரு சிட்டிகை கூடினாலும் கண்டுபிடிக்கும் நாக்கு நமக்கு. கிராம்பின் அளவைச் சொல்ல வேறு யாரும் வர வேண்டியதில்லை.

பழைய சரக்கே நல்ல சரக்கு என்பதும் முழு உண்மையல்ல. வெக்கையில் பீப்பாய்ச் சரக்கு சீக்கிரம் முற்றும், சீக்கிரம் ஆவியாகவும் செய்யும். குளிர்நாட்டு வருஷக் கணக்கு இங்கே பொருந்தாது.

“ரம் உடம்புக்குச் சூடு, திருச்சி வெயிலுக்கு ஆகாது, சளி பிடித்தால் மிளகு போட்டு அடிக்கலாம்” என்பதும் நம் ஊரில் பிரசித்தம். ரம் பிறந்ததே கரீபியன் வெயிலில். குடித்தால் தோலில் ரத்தநாளங்கள் விரிவதால் சூடேறியது போலத் தோன்றுமே தவிர, உடலின் உள்வெப்பம் குறையத்தான் செய்யும். மிளகும் கிராம்பும் சேர்ந்ததால் ரம் மருந்தாகிவிடாது. எந்த அளவு மதுவும் ஆபத்தற்றது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஸ்பைஸ்டு ரம்முக்காக வாதாடும் நான் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். குடிப்பதானால் சுவைக்காக, கொஞ்சமாக. வெயில் நாளில் ஐஸ், வெறும் சோடா, ஒரு எலுமிச்சைத் துண்டு போதும். நன்னாரி சர்பத்தில் கலக்காதீர்கள். இரண்டு வாசனையும் ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

வாங்கும்முன் லேபிளைத் திருப்பிப் படியுங்கள், கோலாவில் மூழ்கடிக்கும்முன் ஒரு வாய் தனியாகச் சுவையுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக ஒதுக்குங்கள். அன்று இரவு வண்டிச் சாவியை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.