புகை நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தக்குழாய் வரை போகிறது! புன்னக்காயல் மீனவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்

புன்னக்காயல்:-

"பீடி கிடையாது, தண்ணி கிடையாது. நேத்து வரைக்கும் கடலுக்குப் போய்ட்டு வந்த மனுஷன். திடீர்னு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரு..."

கடற்கரை ஊர்களில் இந்தப் பேச்சு புதுசு இல்லை. விதி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்பார்கள். "இன்ஜின் பக்கத்துல எத்தனை வருஷம் உட்கார்ந்தீங்க அண்ணாச்சி?" என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

ஒரே அடுக்கு

புகை என்றால் இருமல், இளைப்பு, நுரையீரல் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பாதி கதை. நம் ரத்தக்குழாய்களின் உட்புறம் முழுவதும் மெல்லிய தோல் மாதிரி ஒரு உறை இருக்கிறது. ஒரே ஒரு அடுக்கு செல்கள், அம்புட்டுத்தான். டாக்டர்கள் இதை எண்டோதீலியம் என்கிறார்கள். இந்த செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அதனால்தான் குழாய் இளகி விரிகிறது, ரத்தம் தடையில்லாமல் ஓடுகிறது. உடம்பில் இந்த வாயு செய்யும் வேலையைக் கண்டுபிடித்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

புகையில் இருக்கும் நுண்துகள் தலைமுடியின் தடிமனில் சுமார் 30-ல் ஒரு பங்குதான். அது நுரையீரலின் அடிவரை போய் அங்கே அழற்சியைக் கிளப்புகிறது. அந்த அழற்சி ரத்தத்திலும் பரவுகிறது. ரொம்பப் பொடியான துகள்கள் நேராக ரத்தத்திலேயே கலந்துவிடும். அப்போது முதல் அடி வாங்குவது இந்த உள் உறைதான். நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, குழாய் இறுகுகிறது. வழவழப்பாக இருந்த இடம் சொரசொரப்பாகி, கெட்ட கொழுப்பு உள்ளே புகுந்து படிகிறது. அந்தப் படிவு ஒரு நாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் கட்டினால் மாரடைப்பு. மூளைக்குப் போகிற குழாயில் அடைத்தால் பக்கவாதம்.

ஒரு மணி நேரம் போதும்

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2005-ல் எடின்பரோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான 30 ஆண்களை டீசல் புகை கலந்த காற்றை 1 மணி நேரம் சுவாசிக்க வைத்தார்கள். நடுநடுவே உடற்பயிற்சியும் உண்டு. 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவர்களின் ரத்தக்குழாய் சரியாக விரியவில்லை. 6 மணி நேரம் கழித்தும் அதே கதைதான். ரத்தக்கட்டைக் கரைக்கும் பொருள் சுரப்பதும் குறைந்திருந்தது.

அது அளந்து கொடுத்த புகை, அதுவும் 1 மணி நேரம். நம்ம ஆட்கள் விடிய விடிய இன்ஜினோடு கிடக்கிறார்கள். வலை இழுக்கும்போது மூச்சு வாங்கும். மூச்சு வாங்க வாங்க புகையும் கூடுதலாக உள்ளே போகும். கரைக்கு வந்தால் வீட்டில் விறகு அடுப்பு, தெருவில் குப்பை எரிப்பு. பொம்பளைகளுக்கும் இதில் தப்பு வழி இல்லை.

வெளிக்காற்று மாசால் 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 42 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அதில் 68 சதவீதம் மாரடைப்பு போன்ற இதய நோயும் பக்கவாதமும்தான்!

தூத்துக்குடி காற்று

நம்ம மாவட்டத்தில் மாசு என்றாலே பேச்சு ஸ்டெர்லைட்டோடு முடிந்துவிடுகிறது. 2018 மே மாதம் 13 உயிர்களைப் பறித்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் மூடப்பட்ட ஆலை அது. திறக்கக் கேட்ட மனுவை 2024 பிப்ரவரி 29-ல் சுப்ரீம் கோர்ட்டும் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் ஆலை மூடியதோடு காற்று சுத்தமாகிவிடாது. லாரிப் புகை, நிலக்கரித் தூள், ரோட்டுப் புழுதிக்கு யார் பூட்டு போட்டார்கள்?

ஓராண்டு சராசரியாக 1 கன மீட்டர் காற்றில் இந்த நுண்துகள் 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது 2009-ல் நம் நாடு வகுத்த அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது வெறும் 5. எட்டு மடங்கு வித்தியாசம்! அப்படியென்றால் "அளவுக்குள்தான் இருக்கு" என்று அதிகாரிகள் சொன்னாலும் அதை வைத்து நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆற்றோடு வருவது

புன்னக்காயலுக்கு இன்னொரு தலைவலி உண்டு. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி கடலில் சேரும் இடம் இது. மேலே உள்ள ஊர்கள் வீசுகிற பிளாஸ்டிக் எல்லாம் கடைசியில் வந்து சேருவது நம்ம முகத்துவாரத்துக்குத்தான். தாமிரபரணி மாசு வழக்கில் 2024 நவம்பரில் ஐகோர்ட்டு மதுரை கிளை நீதிபதிகளே நெல்லைக்கு நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள்.

அந்தப் பிளாஸ்டிக் வெயிலில் பொடிந்து கண்ணுக்குத் தெரியாத துகளாகிறது. அதுக்கும் நெஞ்சுவலிக்கும் என்ன சம்பந்தம்? 2024 மார்ச்சில் இத்தாலி டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். கழுத்து ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பை ஆபரேஷன் செய்து எடுத்த 257 பேரில் 150 பேரின் படிவில் பாலித்தீன் துகள் இருந்தது. நம்ம கேரி பை ரகம்தான். பிளாஸ்டிக் துகள் இருந்தவர்களுக்கு அடுத்த 3 ஆண்டுக்குள் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட சுமார் நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. கூடவே இருந்தது என்பதுதான் உறுதி. அதுக்காகக் கண்டுகொள்ளாமல் விடுகிற சங்கதியும் இல்லை.

தூத்துக்குடி உப்பிலும் இது உண்டு. சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கடல் தண்ணீரில் விளைந்த உப்பில் கிலோவுக்கு சராசரியாக 35 முதல் 72 துகள்கள் வரை இருந்தன. போர் தண்ணீர் உப்பில் இது 2 முதல் 29 வரைதான். தப்பு உப்பளத்தில் இல்லை, கடலில் குப்பை கொட்டியவர்களிடம் இருக்கிறது.

இப்போ என்ன செய்ய?

இன்ஜின் புகைக்குழாயைக் கூடுமானவரை ஆள் உட்காராத பக்கம், காற்று தள்ளிக்கொண்டு போகும் திசையில் திருப்பி வைக்கலாம். கரும்புகை கக்குகிற இன்ஜினை உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய நைலான் வலையையும் கேரி பையையும் கடற்கரையில் போட்டுக் கொளுத்துவதை இன்றோடு நிறுத்தினால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் புண்ணியம். நம் படகிலும் பீடி, சிகரெட் வேண்டாம். அதுவும் இதே உள் உறையைத்தான் கெடுக்கிறது.

நாற்பது தாண்டியவர்கள் பிரஷர், சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிற பணியாளரிடம் காசில்லாமலே பார்க்கலாம். நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஆத்தூரைத் தாண்டித்தான் பெரிய ஆஸ்பத்திரி எதுவும். போகிற நேரத்தையும் கணக்கில் வைத்து முதலிலேயே 108-க்குப் போன் போடுங்கள்.