நீராவியில் புடம்போட்ட வினையூக்கி

அமிலம் என்றதும் குடுவையில் புகையும் திரவம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகளில் ஓயாமல் உழைப்பது கைபட்டாலும் சுடாத, மணல் போன்ற திட அமிலம். கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைத்து பெட்ரோலாகவும் சமையல் வாயுவாகவும் மாற்றும் இந்த வினையூக்கியின் உயிர்நாடி, 'ஜியோலைட் ஒய்' என்ற படிகம்.

அதன் எதிரி சூடு. சுமார் 500 டிகிரி செல்சியஸில் எண்ணெயை உடைக்கும்போது தூளின் மேல் கரி படிகிறது. கரியை எரித்து நீக்க, 700 டிகிரியை ஒட்டிய சூட்டில் இயங்கும் இன்னொரு கலனுக்கு அதை அனுப்புகிறார்கள். அங்கே கரியிலுள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராவியாகிறது. வெறும் சூட்டைவிட நீராவி கொடியது. படிகச் சட்டத்திலிருந்து அலுமினிய அணுக்களை அது பிடுங்கிவிடுகிறது. அமிலத்தன்மைக்குக் காரணமே அந்த அணுக்கள்தான்.

வெளிப்பார்வைக்குத் தூளில் மாற்றம் தெரியாது. காட்டிக்கொடுப்பது நிறமாலை ஆய்வு. பிரிடின் என்ற காரத்தைத் தூளில் ஒட்டவைத்து அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 1545 அலைகள் என்ற இடத்தில் உச்சம் தெரிந்தால், புரோட்டானைத் தரும் அமில மையங்கள் உயிரோடு இருக்கின்றன. சேதம் கூடக்கூட அந்த உச்சம் தேய்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அடிப்படையான அணுக்காந்த ஒத்ததிர்வு முறையோ, அலுமினியம் சட்டத்துக்குள் இருக்கிறதா, வெளியேறிவிட்டதா என்றே சொல்லிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. பகையாளியான நீராவியே மருந்தும்கூட. ஆலைக்குப் போகும் முன்பே ஜியோலைட்டை அளவோடு நீராவியில் வாட்டினால், பிறகு அது எளிதில் குலைவதில்லை. 1960-களிலேயே அமெரிக்காவில் இது கைவந்துவிட்டது. காரணத்தை 1980-களில் ஒத்ததிர்வு ஆய்வுகள் தெளிவாக்கின: அலுமினியம் காலி செய்த இடத்தில் சிலிக்கான் வந்து அமர்ந்து சட்டத்தை இறுக்குகிறது. அமில மையங்கள் குறைகின்றன. எஞ்சியவை வலுவாக நிற்கின்றன. ஆனால் அளவு மீறினால் வேலை செய்ய மையங்களே மிஞ்சாது. அந்த எல்லைக்கோட்டைக் காட்டுவதுதான் நிறமாலையின் வேலை.

தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு இது வெறும் ஆய்வுக்கூட சமாச்சாரம் அல்ல. வினையூக்கி சோர்ந்தால், அதே பீப்பாயிலிருந்து கிடைக்கும் பெட்ரோலும் சமையல் வாயுவும் குறையும்.