பெல்ட்டை மாற்றும் உரிமை யாருக்கு?

மோட்டார் கார் என்ஜினைப் பற்றி, ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் படிக்கும் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கார் என்றால் மில் முதலாளியும் மிராசுதாரும் ஏறிச் செல்வது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று நிலைமை வேறு. ஆலை மூடியபோது கைக்கு வந்த பணத்தைப் போட்டுப் பழைய கார் வாங்கி, அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர் நம்மிடையே இருக்கிறார். கூலி வேலை வருஷம் முழுவதும் கிடைக்காமல், வட்டிக்குக் கடன் வாங்கிப் பழைய டீசல் வண்டி ஒன்றைப் பிடித்துத் தவணை கட்டிவரும் இளைஞர் கிராமந்தோறும் இருக்கிறார். அவருக்குக் கார் சுகபோகப் பொருள் அல்ல. நெசவாளிக்குத் தறி எப்படியோ, அவருக்கு வண்டி அப்படி. அது நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும்.

அந்த வண்டிகள் பலவற்றின் உயிர் ஒரு ரப்பர் வாரில் இருக்கிறது. டைமிங் பெல்ட் என்று அதற்குப் பெயர். உரிய காலத்தில் மாற்றினால் சில ஆயிரம் ரூபாயோடு போகும். மாற்றாமல் விட்டு, ஓட்டத்தில் அறுந்தால் என்ஜினையே பிரிக்க வேண்டி வரும். தவணை கட்டுகிறவன் தலையில் இடி விழுந்த மாதிரிதான்.

இந்த பெல்ட்டை வீட்டு வாசலில் வைத்து நாமே மாற்ற முடியுமா? மாற்றலாமா? மாற்ற விடுவார்களா? இந்த மூன்று கேள்விகளுக்கும் நமது அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

பெல்ட் செய்யும் வேலை

என்ஜினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வந்து கீழேயுள்ள கிராங்க் ஷாப்டைச் சுழற்றுகின்றன. காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் மேலே வால்வுகள் உண்டு. அவற்றைத் திறப்பது கேம் ஷாப்ட். நான்கு வீச்சு என்ஜினில் கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாப்ட் சரியாக ஒரே ஒரு சுற்று சுற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. கீழேயும் மேலேயும் உள்ள இந்த இரண்டு தண்டுகளையும் தாளம் தப்பாமல் பிணைத்து வைப்பதுதான் டைமிங் பெல்ட்.

ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்க அதிகம் எழுத வேண்டியதில்லை. சாதாரண தட்டை பெல்ட் கொஞ்சம் வழுக்கும். அரிசி மில்லிலும் பம்பு செட்டிலும் அதனால் பெரிய மோசம் வந்துவிடாது. தாளம் முக்கியமான இடத்தில் வழுக்கல் கூடாது. அதற்காகத்தான் இந்த பெல்ட்டின் உட்புறத்தில் பல் வைத்திருக்கிறார்கள். பல் புல்லியின் பள்ளத்தில் உட்கார்ந்து இழுக்கிறது. ரப்பருக்குள்ளே கண்ணாடி இழைக் கயிறு ஓடுகிறது. ஆகவே நீளாது, வழுக்காது.

இதன் பிறப்பும் தொழிலாளி வீட்டுக்குப் பழக்கமான இடத்தில்தான். 1940களில் அமெரிக்காவில், தையல் யந்திரத்தின் ஊசியும் பாபினும் ஒன்றாக இயங்குவதற்காக இத்தகைய பல் பெல்ட்டைப் பயன்படுத்தினார்கள். அதைக் கார் என்ஜினுக்குள் கொண்டுவந்து 1962-ல் விற்பனைக்கு விட்டது ஜெர்மனியில் டிங்கோல்பிங் என்ற ஊரிலிருந்த கிளாஸ் கம்பெனி. விதைப்பு யந்திரம் செய்துவந்த தொழிற்சாலை அது. சங்கிலியைவிடச் சத்தம் குறைவு, விலை மலிவு, எண்ணெய் வேண்டாம் என்பதால் மற்ற கம்பெனிகளும் இதைப் பிடித்துக்கொண்டன.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இருந்தது சங்கிலி. 1983-ல் வந்த மாருதி 800-ல் பெல்ட். 1998-ல் அறிமுகமாகி, பின்னர் டாக்சியாக ஊரெங்கும் ஓடிய இண்டிகா டீசலிலும் பெல்ட். இப்போது வரும் பல என்ஜின்களில் மறுபடியும் சங்கிலிக்குத் திரும்பியிருக்கிறார்கள். நம் வண்டியில் இருப்பது எது என்பதைத் தெரிந்துகொள்வதே முதல் காரியம்.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? கேம் ஷாப்ட் நின்றுவிடும். வேகத்தில் இருக்கிற கிராங்க் ஷாப்ட் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வின்மீது பிஸ்டன் வந்து மோதும். எல்லா என்ஜினிலும் இப்படி மோதாது. ஆனால் டீசல் என்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அங்கே தப்புவது அரிது. வால்வு வளையும், பிஸ்டன் உடையும், தலைப்பகுதியைக் கழற்ற வேண்டிவரும். இந்த பெல்ட் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கும். உள்ளே கயிறு இற்றிருக்கும். ஆகவே கைப்புத்தகத்தில் கிலோமீட்டர் கணக்கும் வருஷக் கணக்கும் கொடுத்திருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. ஓடாமல் நிறுத்தி வைத்த வண்டியிலும் ரப்பர் முதுமை அடையும். செகண்ட் ஹாண்ட் வண்டி வாங்குகிறவர், பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குச் சீட்டு இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். பழைய, எளிய என்ஜின்களில் நிச்சயம் முடியும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஸ்பின்னிங் பிரேமைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பிட்டர் ஒருவர், அந்த என்ஜினுக்குரிய கைப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பகல் பொழுதை ஒதுக்கினால் செய்து முடிக்கக் கூடிய வேலை இது. என்ஜினுக்கு என்ஜின் விவரம் மாறும் என்றாலும் முறை ஒன்றுதான்.

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கியபின் வண்டியை உறுதியான ஸ்டாண்டின்மீது இறக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போவது தற்கொலைக்குச் சமம்.

வெளி பெல்ட்டுகளையும் கிராங்க் புல்லியையும் மூடியையும் எடுத்தால் டைமிங் பெல்ட் தெரியும். இப்போது அவசரப்பட்டு அவிழ்க்கக் கூடாது. முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேலே வந்து, கிராங்க் புல்லியில் உள்ள குறியும் கேம் புல்லியில் உள்ள குறியும் அதனதன் இடத்தில் நிற்கும்படி என்ஜினைக் கையால் சுற்றி நிறுத்த வேண்டும். சில டீசல் என்ஜின்களில் டீசல் பம்பையும் இதே பெல்ட் ஓட்டுகிறது. அங்கே அதன் குறியும் சேர வேண்டும். பெயிண்டால் சொந்தமாகவும் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. வேலை முழுவதும் இந்தக் குறியில்தான் இருக்கிறது.

பிறகு டென்ஷனரைத் தளர்த்திப் பழைய பெல்ட்டைக் கழற்றலாம். பெல்ட் இல்லாத நேரத்தில் இரண்டு தண்டுகளையும் சுற்றக் கூடாது. புது பெல்ட்டைப் பழையதோடு சேர்த்து வைத்துப் பல் எண்ணிப் பார்க்க வேண்டும். டென்ஷனர் பேரிங் கரகரக்கிறதா, ஆயில் சீல் கசிகிறதா, வாட்டர் பம்ப் சொட்டுகிறதா என்று அப்போதே பார்த்து, சந்தேகமிருந்தால் மாற்றிவிட வேண்டும். நூறு ரூபாய் சீலை மிச்சம் பிடித்தால், கசியும் எண்ணெய் புது பெல்ட்டைத் தின்றுவிடும். பெல்ட்டை மடிக்கக் கூடாது; ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது.

பெல்ட்டை ஏற்றி, கைப்புத்தகம் சொல்கிற அளவுக்கு இறுக்கியபின், சாவியைத் தொடவே கூடாது. ஸ்பானரைப் போட்டு, என்ஜின் ஓடும் திசையிலேயே கிராங்க் ஷாப்டை முழுதாக இரண்டு சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது இடித்தால் உடனே நிறுத்துங்கள், பலவந்தம் செய்யாதீர்கள். இரண்டு சுற்றுக்குப்பின் குறிகள் மறுபடி சரியாக வந்து நின்றால் வேலை சரி. ஒரு பல் தள்ளியிருந்தாலும் மறுபடி கழற்றத்தான் வேண்டும். பார்த்தவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர் என்று இருவராகச் செய்வது உத்தமம்.

எல்லா என்ஜினிலும் கை வைக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. சில என்ஜின்களில் குறியே கிடையாது; தண்டுகளைப் பூட்டிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். சிலவற்றில் பெல்ட்டை என்ஜின் எண்ணெய்க்குள்ளேயே ஓட விட்டிருக்கிறார்கள். கருவியும் கைப்புத்தகமும் இல்லாமல் அவற்றைத் தொடுவது வீரம் அல்ல, விவேகமின்மை.

அறிவைப் பூட்டி வைப்பது யார்?

“இதெல்லாம் கம்பெனி ஒர்க்ஷாப்பில் செய்ய வேண்டிய வேலை, சாமானியனுக்கு எதற்கு?” என்று சொல்பவர்கள் உண்டு. பாதுகாப்பைக் கருதிச் சொன்னால் வரவேற்போம். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் லாபத்துக்குக் காவல் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

நடந்ததைப் பார்ப்போம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள்மீது மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. காரணம் என்ன? அசல் உதிரிப் பாகங்களை வெளி மார்க்கெட்டில் தாராளமாகக் கிடைக்க விடவில்லை. பழுது பார்க்கும் விவரங்களையும் கருவிகளையும் வெளி ஒர்க்ஷாப்புகளுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. விஷயம் மட்டும் ஊரறிய வெளியே வந்துவிட்டது. வண்டியை விற்று ஒரு லாபம் எடுத்தவன், விற்ற வண்டியை வாழ்நாள் முழுவதும் கறக்கும் பசுவாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறான்.

கம்பெனிக்கு எல்லாம் தெரியும் என்ற வாதமும் நிற்காது. பிரான்சில் தயாரான பூஷோ, சித்ரோயன் கார்களின் 1.2 லிட்டர் ப்யூர்டெக் என்ஜினில், எண்ணெயில் ஊறி ஓடும் பெல்ட் காலத்துக்கு முன்பே சிதைந்தது. கார் வைத்திருந்தவர்கள் கூட்டாகக் குரல் எழுப்பினார்கள். 2024-ல் கம்பெனி 10 வருஷம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதத்தை நீட்டிக்க நேர்ந்தது. வரைபடம் போட்டவரும் தவறலாம். அதைக் கண்டுபிடிப்பவர் வண்டியைத் திறந்து பார்த்தவர்தான். திறந்து பார்க்கும் உரிமை இல்லாவிட்டால் குற்றம் எப்போதும் ஓட்டியவன் தலையில்தான் விழும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் இந்தப் பிரச்னை மக்கள் வாக்கெடுப்புக்கே வந்தது. கம்பெனி ஒர்க்ஷாப்புக்குக் கிடைக்கிற விவரம் வெளி ஒர்க்ஷாப்புக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்று மிகப் பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள். இங்கே மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. மோட்டார் வண்டிகளோடு விவசாயக் கருவிகளும் அதன் பரிசீலனையில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு வலைத்தளமும் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் விரும்பிய கம்பெனி விரும்பியதைக் கொடுக்கும் ஏற்பாடு வேறு. கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது?

தோழர் ஒருவர் கேட்டார்: “எல்லாரும் தானே பெல்ட்டை மாற்றிக்கொண்டால் தெருமுனை மெக்கானிக் சோற்றுக்கு எங்கே போவான்?” உழைப்பவனைப் பற்றி எழுந்த கேள்வி இது, தட்டிக் கழிக்க முடியாது.

தெருமுனை மெக்கானிக்கின் எதிரி, வீட்டில் பெல்ட் மாற்றுகிறவர் அல்ல. வருஷக்கணக்கில் ஒரு முறை வருகிற வேலை இது. எல்லோருக்கும் இதற்கு நேரமும் இராது, கையும் இராது. பெரும்பாலோர் மெக்கானிக்கிடம்தான் போவார்கள். மெக்கானிக்கின் வயிற்றில் அடிப்பது, அவருக்குக் கைப்புத்தகமும் பாகமும் கருவியும் கொடுக்க மறுக்கும் ஏற்பாடு. மரத்தடியில் என்ஜின் பிரிக்கிற அந்தத் தோழர் எந்தப் பள்ளியிலும் கற்றவர் அல்ல. பத்து வயதில் கிரீஸில் கை வைத்து, திட்டு வாங்கிக் கற்றவர். அவருக்குத் தெரியாதது என்று இருந்தால், அது அவரிடமிருந்து மறைக்கப்பட்டது. வண்டிக்காரருக்குப் பூட்டப்பட்ட கதவுதான் அவருக்கும் பூட்டப்பட்டிருக்கிறது. திறந்தால் இருவருக்கும் திறக்கும்.

தவிர, வேலை தெரிந்தவன்தான் வேலையின் மதிப்பை அறிவான். ஒரு தடவை தானே பெல்ட் மாற்றிப் பார்த்தவன் மெக்கானிக்கின் கூலியில் பேரம் பேச மாட்டான். செய்யாத வேலைக்குப் போடும் பில்லைத்தான் எதிர்த்துக் கேட்பான்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். விற்கப்படும் ஒவ்வொரு வண்டியோடும், பவர் டில்லரோடும், டிராக்டரோடும், பழுது பார்க்கும் முழு விவரம் தமிழில் கிடைக்க வேண்டும். பாகங்கள் நியாய விலையில் வெளிக் கடைகளில் கிடைக்க வேண்டும். வெளியே பழுது பார்த்ததற்காக உத்தரவாதத்தை ரத்து செய்யக் கூடாது. ஐ.டி.ஐ.-க்களில் மாலை நேர வகுப்பு வைத்து, வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கும் தெருமுனை மெக்கானிக்குகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி, டார்க் ரெஞ்ச் ஒன்று, பூட்டும் கருவிகள் ஒரு பெட்டி: தனி ஒருவர் வாங்குவது கஷ்டம்; டாக்சி ஸ்டாண்டில் இருபது பேர் சேர்ந்தால் ஒரு மாதச் சந்தாவில் வாங்கிவிடலாம். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிட்டர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய என்ஜின் ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். இளைஞர்கள் கற்றுக்கொள்வார்கள், முதியவர்களின் அறிவும் அவர்களோடு அழிந்து போகாது.

இதைப் படிக்கும் தோழர்களில் வண்டி வைத்திருப்பவர்கள், இன்றே கிலோமீட்டர் மீட்டரையும் பழைய சீட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். பெல்ட் மாற்றக் கெடு தாண்டியிருந்தால் அடுத்த சவாரிக்கு முன் அதைக் கவனியுங்கள். நீங்களே மாற்றினாலும் சரி, மெக்கானிக் மாற்றினாலும் சரி, பக்கத்தில் நின்று, குறி எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவணை நம்முடையது, வண்டி நம்முடையது, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்ற அறிவும் நம்முடையதாக வேண்டும்.