காயலான் கடையில் ஒரு காக்பிட்

தாம்பரம் விமானத் தளத்துக்கு 1944-இல் வேறொரு பெயர் இருந்தது: எச்.எம்.எஸ். வல்லூறு. தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் பெயர் வைப்பது பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கம். கோயம்புத்தூரில் கருடா, சூலூரில் வைரி. விமானம் தாங்கிக் கப்பல்களில் பறந்த விமானங்களை ஜப்பானியப் போரின் கடைசிக் கட்டத்தில் தாம்பரத்துக்குக் கொண்டுவந்து பழுது பார்த்தார்கள். செம்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே இன்று பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கின்றன. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், வல்லூறு காலத்து விமானங்களில் ஒரு துண்டாவது இந்தப் பக்கம் மிஞ்சியிருக்காதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

முழு விமானம் வேண்டாம். காக்பிட் போதும். இறக்கையும் வாலும் வெறும் தகடு. இருபது வயதுப் பையன் ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம் அது ஒன்றுதான்.

இங்கிலாந்தில் காக்பிட்டுகளைத் தேடிக் காப்பாற்றுவதையே வாழ்நாள் வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் 7,377 தயாராயின. பறக்கும் நிலையில் இன்று இரண்டே இரண்டு. மற்ற பலவற்றில் காக்பிட் இருக்கும் மூக்குப் பகுதிகூட மிஞ்சவில்லை. அதனால், கிடைத்த மூக்கையாவது காப்பாற்றுவோம் என்று கிளம்பியவர்கள் கொட்டகைகளிலும் பழைய இரும்புக் கிடங்குகளிலும் தேடுகிறார்கள். வீட்டு ஷெட்டிலேயே வைத்துச் சரிசெய்து, வண்டியில் ஏற்றி நியூவார்க் விமான அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே காக்பிட்டுகளுக்கென்றே ஒரு விழா நடக்கிறது.

நம் பக்கம் அப்படி மிஞ்சாததற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் கடற்படையிடம் இருந்த கோர்செய்ர், ஹெல்கேட் போன்ற விமானங்கள் அமெரிக்கா போருக்காகக் கொடுத்துவைத்தவை. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், விலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும். ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் பலவற்றைக் கப்பலிலிருந்து அப்படியே கடலில் தள்ளினார்கள். தரையில் கழிக்கப்பட்டவை எடைக்குப் போயின. காயலான் கடைக்காரருக்கு அது அலுமினியம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் இந்தியாவில் ஓர் அதிசயம் நடந்தது. கான்பூரில் பிரிட்டிஷார் இனி பறக்கக் கூடாதென்று சேதப்படுத்திவிட்டுப் போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் விமானி ஜாம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். நாற்பதுக்கு மேற்பட்டவை அங்கே உயிர்பெற்றன. 1968 வரை நம் விமானப்படையில் பறந்தன. அதனால்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் சில இந்தியாவிலிருந்து போனவை. ஒன்று டெல்லியில் பாலம் என்ற இடத்தில் நிற்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1950-களில் கழிக்கப்பட்ட இரண்டு விமானங்களைப் பாடத்துக்காக நிறுத்தியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் அருகே உட்கார்ந்திருந்த மாணவர் அப்துல் கலாம். என் நம்பிக்கை இங்கேதான் இருக்கிறது: உருக்காமல் தப்பியது ஏதேனும் இருந்தால், அது பழைய கல்லூரிப் பட்டறைகளின் மூலையில்தான் இருக்கும். பட்டறையை இடித்துப் புதுக் கட்டடம் கட்டும்போது டெண்டர் விட்டு எடைக்குப் போடுவதற்கு முன், தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும்.

என்ன பார்ப்பது? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மீட்டர்களைக் குவித்திருப்பார்களே, அங்கேகூடப் பார்க்கலாம். கறுப்பு முகப்பு, வெள்ளை எண்கள். பின்னால் திருப்பினால் கிரீடமும் ‘ஏ.எம்.’ என்ற எழுத்துகளும் இருந்தால் அது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் சரக்கு. ‘6ஏ’ என்று தொடங்கும் எண், விமானக் கருவி என்பதற்கான அடையாளம். தகட்டில் ‘300’ என்று தொடங்கும் பாக எண்ணைக் கண்டால் நெஞ்சு படபடக்கலாம். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு அதைத்தான் போட்டார்கள். பெயின்ட் அடிக்கவோ தேய்க்கவோ விடாதீர்கள், எண் போய்விடும்.

முக்கியமாக, கண்ணாடியைத் திறக்காதீர்கள். இருட்டில் ஒளிர முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி எப்போதோ செத்துப்போயிருக்கும். ஆனால் ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். தூளை மூச்சில் இழுத்தால் ஆபத்து. படம் எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, எங்கே பார்த்தீர்கள் என்று இந்தப் பத்திக்கு எழுதுங்கள்.