குளோர்பைரிபாஸும் எலி மூளையும்: மஞ்சள் முக்கோணம் சொல்லாதது

2025 மே மாதம் ஜெனீவாவில் முடிந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை மாநாட்டில், உலக அளவில் கைவிட வேண்டிய வேதிப்பொருள்களின் பட்டியலில் குளோர்பைரிபாஸ் சேர்க்கப்பட்டது. சில பயன்பாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2020லேயே இதை நிறுத்திவிட்டது. கரையானுக்கும் வேர்ப்புழுவுக்கும் இத்தனை வருடம் ஊற்றிய மருந்துதானே, அடித்த அன்று தலைகூடச் சுற்றவில்லையே என்று நீங்கள் கேட்கலாம்.

டப்பாவில் உள்ள மஞ்சள் முக்கோணத்தைப் பாருங்கள். சோதனை எலிகளில் பாதி சாவதற்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் தேவை என்ற கணக்கில் வைத்த நிறம் அது. 51 முதல் 500 வரை மஞ்சள். சாகாத எலியின் மூளை என்ன ஆனது என்பது அந்தக் கணக்கில் வராது.

அதைத்தான் ஆய்வகங்கள் தனியாகப் பார்த்தன. சாகடிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ, வாரக்கணக்கில் தினமும் எலிகளுக்குக் கொடுத்தார்கள். வெளியில் பெரிய மாற்றம் தெரியாத எலிகளிலும் மூளைத் திசுவில் பாதிப்பு தெரிந்தது. நரம்புச் செல்லின் மேலுறை பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. கடலை எண்ணெய் காற்றுப்பட்டுக் காறிப்போவது போல அந்தக் கொழுப்பு ஆக்சிஜனால் சிதைகிறது. அதில் பதிந்துள்ள சோடியம், பொட்டாசியம் உப்புகளை உள்ளும் புறமும் மாற்றும் பம்பின் வேகமும் குறைகிறது. இம்மருந்து கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கும் என்பது பழைய செய்தி. மேலுறைச் சிதைவு அதோடு சேர்ந்து வருவது. வைட்டமின் ஈ கொடுத்த எலிகளில் சேதம் குறைந்தது உண்மை. அதற்காக மாத்திரை போட்டுக்கொண்டு மருந்து அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எலிகளுக்கு எண்ணெயில் கலந்து வாய்வழி கொடுத்தார்கள். உங்களுக்கு ஏறுவது பெரும்பாலும் தோல்வழி. ஆகவே இதே சேதம் உங்கள் மூளையிலும் நடந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மயக்கம் வரவில்லை என்பதை வைத்துப் பாதிப்பில்லை என்று முடிவு கட்ட முடியாது.

அதிக ஆபத்து தெளிப்பதைவிடக் கலக்கும்போதுதான். 20 இசி மருந்தில் ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் நஞ்சு. லிட்டருக்கு 2.5 மில்லி கலந்தால், கையில் சிந்தும் ஒரு மில்லி மருந்து 400 மில்லி தெளிப்புக் கரைசலுக்குச் சமம். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு பிடித்து வைக்கும். நைட்ரைல் ரப்பர் கையுறை வாங்குங்கள். பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எச்சில் ஒழுகுதல், அதிக வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்குதல் தெரிந்தால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். கூலிக்குத் தொடர்ந்து மருந்து அடிப்பவர்கள், சீசன் தொடங்கும் முன்பே கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை செய்து வைக்க வேண்டும். அதன் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், முதல் கணக்கு கையில் இருந்தால்தான் பிறகு எடுப்பதை ஒப்பிட முடியும்.