படுக்கை ஓரத்து லாக்கர்: 5,000 ரூபாய் பெட்டியை நம்பி எத்தனை பவுன் வைக்கலாம்?

ஓஎம்ஆரில் வேலை, கோவளம் அல்லது கேளம்பாக்கம் பக்கம் ஃப்ளாட். கல்யாணம் முடிந்து புதிதாகக் குடிவரும் தம்பதியின் ஆன்லைன் கார்ட்டில் வாஷிங் மெஷின், ஆர்.ஓ. இவற்றோடு இன்னொரு பொருளும் எட்டிப் பார்க்கிறது. கட்டில் பக்கத்தில் வைக்கும் சின்ன டிஜிட்டல் லாக்கர். நாலு இலக்க எண்ணைத் தட்டினாலோ விரலை வைத்தாலோ 'க்ளிக்' என்று திறக்கும். விலையும் கைக்கு அடக்கம்தான்.

இதைத் தேட ஆரம்பித்தால் யூடியூப் முதலில் காட்டுவது பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்கள். அங்கே இந்தப் பெட்டிக்கு வேறு பெயர், வேறு வேலை. அது துப்பாக்கிப் பெட்டி. நள்ளிரவில் சத்தம் கேட்டால் சில நொடிகளில் துப்பாக்கி கைக்கு வரவேண்டும், அதே சமயம் வீட்டுக் குழந்தையின் கைக்குப் போகக் கூடாது. இந்த இரண்டு தேவைக்கும் நடுவில் பிறந்த டிசைன்தான் இது.

நம்மூரில் அந்தத் தேவை ரொம்பச் சிலருக்குத்தான். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதையும் 2019-ல் வந்த திருத்தம் இரண்டாகக் குறைத்துவிட்டது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம். ஆக, நம்ம வீட்டு லாக்கருக்குள் போவது துப்பாக்கி இல்லை, தாலிக்கொடியும் நெக்லஸும் பாஸ்போர்ட்டும்தான்.

ஆனால் துப்பாக்கிக்காக யோசித்த டிசைனின் பலவீனங்கள் நகைப் பெட்டிக்கும் அப்படியே வந்து சேர்கின்றன. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

சீக்கிரம் திறப்பது யாருக்கு?

2012-ல் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில், மார்க் வெபர் டோபியாஸும் அவருடைய குழுவினரும் கடைகளில் விற்கும் சிறிய துப்பாக்கிப் பெட்டிகளை வரிசையாகத் திறந்து காட்டினார்கள். சிலவற்றை மூன்று வயதுக் குழந்தையே திறந்தது. பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் போட்டாலே போதுமானதாக இருந்தது.

காரணம் எளிமையானது. விலை குறைந்த டிஜிட்டல் லாக்கர்கள் பலவற்றில் தாழ்ப்பாளைத் தடுத்து நிறுத்துவது 'சோலினாய்டு' என்ற சின்ன மின்காந்தம். சரியான எண்ணைத் தட்டினால் அதற்கு மின்சாரம் போகும், ஒரு சிறு கம்பி உள்ளே இழுபடும், பூட்டு விலகும். மற்ற நேரத்தில் அந்தக் கம்பியைப் பிடித்து வைத்திருப்பது பேனாவுக்குள் இருக்கும் அளவுக்கு ஒரு ஸ்பிரிங் மட்டுமே. பெட்டியில் பலமாக ஒரு குத்து விழுந்தால் அந்தக் கம்பி ஒரு கணம் தானாகவே துள்ளலாம். அந்தக் கணத்தில் கைப்பிடியைத் திருப்பினால் கதை முடிந்தது. இந்த மாதிரி லாக்கர்களில் சில சக்திவாய்ந்த காந்தத்துக்கும் வழிவிடும். எண் எட்டு இலக்கமாக இருந்தாலும் இதில் பயன் இல்லை, ஏனென்றால் திருடன் எண்ணைத் தேடவே இல்லை.

மோட்டார் வைத்துத் தாழ்ப்பாளை நகர்த்தும் மாடல்களில் இந்தத் துள்ளல் பிரச்சினை பெரிதாக இருக்காது. அதனால் வாங்கும்போது 'எத்தனை யூசர்?', 'ஆப் இருக்கா?' என்று கேட்பதைவிட 'மோட்டாரா, சோலினாய்டா?' என்று கேட்பது மேல். கடைக்காரருக்கு பதில் தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். ஆன்லைனில் வாங்கியவர்கள் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள், காலிப் பெட்டியைப் பூட்டி மேலே கையால் நாலு தட்டு தட்டி, கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கலாம்.

கைரேகை? அதற்கும் ஒரு கதை உண்டு. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஃபோர்ட்ரஸ் சேஃப் நிறுவனத்தின் சுமார் 61,000 கைரேகைத் துப்பாக்கிப் பெட்டிகளைத் திரும்பப் பெறச் செய்தது. பதிவு செய்யாதவர்களின் விரலுக்கும் அவை திறக்கலாம் என்பதுதான் குறை. அந்தப் பெட்டி ஒன்றிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்ததாக வழக்கும் நடந்தது. 2024-ல் இன்னும் சில நிறுவனங்களின் பெட்டிகளும் இதே மாதிரி திரும்பப் பெறப்பட்டன.

எதிர்ப்பக்கத்துப் பிரச்சினையும் உண்டு. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மங்கிய கைகளை ரேஷன் கடை மிஷின் எப்படிப் படுத்துகிறது என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே அம்மாவின் விரலைத்தான் இந்த லாக்கரும் படிக்கப் போகிறது. அது படிக்காத நாளில் கைகொடுக்க அவசரச் சாவி ஒன்று தருகிறார்கள். அந்தச் சாவி எங்கே இருக்கும்? பெரும்பாலான வீடுகளில் பீரோவில், புடவைக்கு அடியில். வந்தவன் முதலில் கைவைக்கும் இடமும் அதுதான்.

உப்புக் காற்று, ஏரித் தண்ணீர்

விளம்பரங்கள் கண்டுகொள்ளாத சங்கதி ஒன்று இருக்கிறது. கோவளம் கடலோர ஊர். 1752-ல் ராபர்ட் கிளைவ் பிடித்த கோட்டையே இன்று இல்லாத இடம் இது, 2 மி.மீ. இரும்புத் தகடு எத்தனை நாள் தாங்கும்? உப்புக் காற்றில் பால்கனி கிரில்லும் ஏசி அவுட்டோர் யூனிட்டும் என்ன ஆகின்றன என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லாக்கரில் முதலில் அடிவாங்குவது வெளித்தகடு அல்ல, பேட்டரி உட்காரும் இடத்தில் உள்ள சின்ன உலோகப் பட்டைகள். அங்கே பச்சை படிந்தால் கீபேட் செத்த மாதிரி கிடக்கும். ரிமோட்டில் போடும் விலை குறைந்த பேட்டரிகள் கசிந்தால் இன்னும் மோசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்ல ஆல்கலைன் பேட்டரியாக மாற்றி, ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை திறந்து பார்ப்பது கடலோர வீட்டுக்காரர்களுக்குக் கட்டாயம் என்றே சொல்லலாம்.

கொஞ்சம் உள்ளே வந்தால் முடிச்சூர், வரதராஜபுரம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அடையாறு பொங்கி வீடுகளுக்குள் வந்த பகுதி. அங்கே தரைத்தளத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த லாக்கர், தண்ணீர் ஏறும்போது முதலில் மூழ்கும் பொருட்களில் ஒன்று. சாதாரண வீட்டு லாக்கர் தண்ணீரைத் தடுக்காது. தங்கம் தாங்கும், பத்திரமும் சர்ட்டிஃபிகேட்டும் தாங்காது. 'தீ தாங்கும்' என்று தனியாகச் சோதித்துச் சான்று வாங்காத மெல்லிய தகட்டுப் பெட்டி தீயிலும் அப்படித்தான்: நகை உருகாமல் இருந்தாலும், உள்ளே இருக்கும் காகிதம் கருகிவிடும்.

சரி, பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டால்? சின்ன லாக்கர்கள் பலவும் ஒரு ஆள் தூக்கிவிடும் எடைதான். அரிசி மூட்டையைவிட லேசு. சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு முடுக்காத லாக்கர் என்பது, திருடனுக்காக நகையை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, கொண்டுபோக வசதியாகக் கட்டி வைத்த பார்சல். பின்பக்கமும் அடியிலும் துளை கொடுத்து, ஆங்கர் போல்ட்டும் டப்பாவில் போட்டுத்தான் தருகிறார்கள். ஆனால் வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார் என்று பலரும் அதை அப்படியே வைத்துவிடுகிறார்கள். ஓனரிடம் கேட்க முடியாவிட்டால் இந்த லாக்கரை வாங்காமல் இருப்பதே உத்தமம். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

துளைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கான்கிரீட்டாகவே வார்த்த சுவர் என்றால் போல்ட் நன்றாகப் பிடிக்கும். லேசான ஏஏசி பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் கொஞ்ச நாளில் ஆட ஆரம்பித்துவிடும். அதற்கு ரசாயனப் பசை ஊற்றும் ஆங்கர் தேவை, அல்லது கீழே கான்கிரீட் தளத்தில் முடுக்க வேண்டும். எது என்று பில்டிங் பராமரிப்பு ஆளைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

இடமும் முக்கியம். படுக்கை ஓரம் என்பது துப்பாக்கிக்கான இடம். இருட்டில் கை நீட்டி நகை எடுக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. கட்டில் அறையின் பீரோவும் மேஜையும் எல்லோரும் முதலில் தேடும் இடம். லாஃப்ட், கிச்சன் கப்போர்டின் ஆழம், துணி அலமாரியின் பின்சுவர் என்று எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

பேங்க் லாக்கர் என்ன சொல்கிறது?

'அப்போ எல்லாத்தையும் பேங்க்ல வெச்சிடலாமே?' என்று மாமியார் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை இளம் தலைமுறை தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அமிதாபா தாஸ்குப்தா வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, ரிசர்வ் வங்கி அதே ஆண்டு ஆகஸ்டில் லாக்கர் விதிகளைத் திருத்தியது. 2022 ஜனவரி 1 முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் வங்கிக்குப் பொறுப்பு உண்டு. எவ்வளவு? ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை.

வருட வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் 2 லட்சம். 2025 தொடக்கத்தில் 60,000-க்குக் கீழே இருந்த பவுன் விலை அதே ஆண்டிலேயே 90,000-ஐத் தாண்டியது. அந்த விலையில் 20 பவுன் என்றால் 18 லட்சம். கிடைக்கப்போகும் 2 லட்சத்தில் இரண்டு பவுன் வாங்கலாம், கொஞ்சம் சில்லறை மிஞ்சும். வெள்ளம், நிலநடுக்கம், இடி மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்தால் வரும் சேதத்துக்கு அந்தப் பொறுப்பும் கிடையாது. வெள்ளம் என்பது கேலண்டரில் வரும் பண்டிகை மாதிரி ஆகிவிட்ட தென்சென்னைப் புறநகருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கிளையின் லாக்கர் அறை தரைத்தளத்திலா, முதல் மாடியிலா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்படியிருந்தும் பெரிய நகைகளுக்கு பேங்க்தான் சரி. ஸ்ட்ராங் ரூமும் இரட்டைச் சாவியும் எந்த 5,000 ரூபாய் பெட்டியிலும் கிடைக்காது. லாக்கரைத் திறந்தால் அன்றே எஸ்.எம்.எஸ்., இ-மெயில் அனுப்ப வேண்டும் என்பதும் விதி. லாக்கர் காலி இல்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்து எண் தரவேண்டும் என்பதும் விதி. 'லாக்கர் இல்லைங்க' என்று வாய்வார்த்தையில் அனுப்பினால், அந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம்.

இரண்டிலும் விட்டுப்போகும் இடைவெளிக்குக் காப்பீடு இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி தீ, வெள்ளம் போன்றவற்றுக்கு வீட்டையும் வீட்டுப் பொருட்களையும் காக்கிறது. ஆனால் நகை தானாக அதில் சேராது, விருப்பத் தேர்வாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வீடு புகுந்து திருடுவதற்கான கவர் தனி. வாடகைக்கு இருப்பவர் கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். நகை பில், போட்டோ, எடை விவரம் இல்லாமல் கிளெய்ம் கேட்டுப் போனால் அலைச்சல்தான். அவற்றை லாக்கருக்குள்ளேயே வைப்பது இன்னொரு பொதுவான தவறு.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கலாம். ஆனால் வேலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். தினமும் போடும் செயின், கொஞ்சம் ரொக்கம், பாஸ்போர்ட், வேலைக்கு வரும் ஆட்களும் விளையாட வரும் பிள்ளைகளும் எதேச்சையாகக் கைவைக்கக் கூடாத பொருட்கள். இவற்றுக்கு முடுக்கி வைத்த சின்ன லாக்கர் நல்ல பொருள். அமெரிக்காவில் வீட்டுப் பெட்டிகளுக்கு யு.எல். நிறுவனம் தரும் அடிப்படைச் சான்றே, சாதாரணக் கைக்கருவிகளின் தாக்குதலை ஐந்து நிமிடம் தாங்கினால் போதும் என்கிறது. சான்று பெற்ற பெட்டிக்கே ஐந்து நிமிடம்! சான்று எதுவும் இல்லாத பெட்டிக்கு வீட்டில் ஆள் இல்லாத நான்கு நாள் பொங்கல் லீவு ரொம்ப நீளம்.

இந்தியாவில் பெட்டகங்களுக்கு ஐ.எஸ். 550 என்ற பி.ஐ.எஸ். தரநிலை இருக்கிறது. ஐந்தாறு ஆயிரத்துக்கு விற்கும் பெட்டியின் விவரப் பக்கத்தில் அந்த எண் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். பெரும்பாலும் 'ஹெவி டியூட்டி', 'ப்ரீமியம் ஸ்டீல்' என்ற வார்த்தைகள்தான் கிடைக்கும்.

வாங்கிய அன்றைக்குச் செய்ய வேண்டியவை: தொழிற்சாலையில் வைத்த எண்ணை மாற்றுவது, மாஸ்டர் கோடு என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் மாற்றுவது, பதிவு செய்யாத விரலை வைத்து ஒருமுறை சோதிப்பது. அவசரச் சாவியை அம்மா வீட்டில் கொடுத்து வைப்பது. ஊருக்குப் போகும்போது உள்ளூர் காவல் நிலையத்தில் தகவல் சொல்வதற்குக் காசு செலவில்லை, ஆனால் இன்ஸ்டாவில் ஏர்போர்ட் ஸ்டோரி போடுவதற்குக் காட்டும் அக்கறையை அதற்கு யாரும் காட்டுவதில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. லாக்கர் வந்த அட்டைப்பெட்டியைப் படத்தோடு அப்படியே வாசலில் குப்பைக்கு வைக்காமல், கிழித்து மடித்துப் போட வேண்டும்.