விரட்டிவிட்டால் தீருமா?

நர்சிங் படிக்கும் பிள்ளை குடித்தாள், மாத்திரை போட்டுக்கொண்டாள் என்று விடுதியிலிருந்து தகவல் வந்தால் நம் வீட்டில் மானத்தைப் பற்றிப் பேச்சு எழுகிறது. கல்லூரியில் டி.சி.யைப் பற்றிப் பேச்சு எழுகிறது. அந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேச ஆளில்லை.

பெங்களூரில் கட்டட வேலை செய்து, வட்டிக்கு வாங்கி நர்சிங்கில் சேர்க்கிறோம். ஜி.என்.எம். மூன்றாண்டு, பி.எஸ்ஸி. நான்காண்டு. பகலில் வகுப்பு, வார்டு. ஆள் பற்றாத ஆஸ்பத்திரிகளில் பயிற்சி என்ற பெயரில் சம்பளமில்லாத இரவு வேலையும் சேரும். பதினெட்டு வயதில் ஒரு சாவைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்புகிறவளுக்குத் தூக்கம் எப்படி வரும்? அல்பிரசோலம், டிரமடால், பென்டசோசின் எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எது எவ்வளவு வேலை செய்யும் என்பதும் அவள் படித்த பாடம்தான். ஆண் மாணவர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் குடித்தால் மட்டும் ஊர் பேசுவதில்லை.

சம்பள நாளில் ஒயின் ஷாப்பில் நின்றுவிட்டு வரும் தகப்பனார், மகளை அடிக்கக் கை ஓங்குமுன் சற்று யோசிக்கட்டும்.

இழுத்து வந்து வீட்டில் பூட்டி வைப்பதும் ஆபத்து. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரோ, அல்பிரசோலம் போன்ற மாத்திரைக்கு அடிமையானவரோ திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

போலீஸ் பயமும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64-ஏ பிரிவு இருக்கிறது: உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளான அடிமைப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தாமாகவே சிகிச்சைக்குச் சென்றால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அது போய்விடலாம்.

கல்லூரிகளிடம் நாம் கேட்பது பெரிதல்ல. மாணவியை வார்டு ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது. தானாக வந்து சொல்பவளுக்கு விடுப்புக் கொடுத்து, திரும்பவும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயர் வெளிவரக் கூடாது. மருந்து அலமாரியின் கணக்கை ஒவ்வொரு டூட்டி மாறும்போதும் இருவர் சரிபார்க்க வேண்டும். நோயாளிக்குப் போக வேண்டிய வலி ஊசி வேறெங்கோ போனால், பொது வார்டில் துடித்துக் கிடப்பவரும் நம் ஆள்தானே.

இக்கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கச் சங்கம் தயார். பெற்றோர் வந்து கையெழுத்திடுங்கள். பிள்ளையின் பெயரை எழுத வேண்டியதில்லை.